பார்த்தவனும் பாராதவனும்

பிறர் பொருளை எடுப்பது திருட்டு என்பதை யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிறர் செய்ததைப் பார்த்து அதைப் போலவே இன்னொன்று செய்வது திருட்டா என்று கேட்டால்தான் உலகம் கொஞ்சம் தயங்குகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் கழுத்தில் கிடக்கும் அட்டிகையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அதே மாதிரி ஒன்று" என்று பத்தர் கையில் பொன்னைக் கொடுக்காத குடும்பம் நம்மில் உண்டா? அதை யாரும் திருட்டு என்பதில்லை. ஆனால் ஒரு பத்திரிகையில் வந்த கதையைப் பாத்திரங்களின் பெயரை மட்டும் மாற்றி இன்னொரு பத்திரிகைக்கு ஒருவர் அனுப்பினால், அவரைப் பற்றி நாம் என்ன பேசுவோம் என்பது தெரிந்ததே. அட்டிகைக்கு ஒரு நியாயம், கதைக்கு ஒரு நியாயம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது?

கதை எழுதிப் பிழைக்கிறவன் ஆகையால் இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. ஆயினும் இதற்கு நான் கண்ட மிகச் சுவையான வழக்கு இலக்கியத்தில் இல்லை. கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது மனிதர்களைப் பற்றிய கதைதான்.

இன்று ஒரு வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு கம்பெனியின் பெயர் இருக்கிறது. அடுத்த வீட்டு யந்திரத்தில் வேறொரு பெயர். ஆனாலும் ஒரு யந்திரத்துக்கு வாங்கிய புரோகிராம் மற்றொன்றிலும் பெரும்பாலும் ஓடுகிறது. இதை ஏதோ இயற்கை நியதி போல எண்ணிக்கொண்டிருக்கிறோம். 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் இப்படி இல்லை. ஆப்பிள் யந்திரத்துக்கு எழுதிய புரோகிராம் டாண்டி யந்திரத்தில் ஓடாது. டாண்டிக்கு எழுதியது கமடோரில் ஓடாது. ஒரு கம்பெனியின் யந்திரத்தை வாங்கியவர் அந்தக் கம்பெனி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரிதான். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கேயே காலம் தள்ள வேண்டும்.

1981-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி ஐ.பி.எம். தன் முதல் பெர்ஸனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. மற்றவர்கள் சின்னக் கம்ப்யூட்டர்களை விற்று முன்னேறிக்கொண்டிருக்க, அறை அறையாக இடம் பிடிக்கும் ராட்சத யந்திரங்களைச் செய்து உலகை ஆண்ட ஐ.பி.எம். பின்தங்கி நின்றது. எனவே அவசரம். ஃபுளோரிடா மாநிலத்தில் போக்கா ரட்டோன் என்ற ஊரில் டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் தலைமையில் ஒரு சிறு கூட்டத்தை உட்கார வைத்து, ஒரே வருஷத்தில் யந்திரத்தைச் செய்து முடிக்கச் சொன்னார்கள். ஆணி முதல் அடுக்குவரை எல்லாவற்றையும் தன் பட்டறையிலேயே செய்துகொள்வது ஐ.பி.எம்.மின் குலவழக்கம். ஒரு வருஷத்தில் அது ஆகாது. ஆகவே எஸ்ட்ரிட்ஜின் ஆட்கள் கடைக்குப் போனார்கள். மூளையாகிய 8088 என்ற சிப் இன்டெல் கம்பெனியுடையது. தட்டைச் சுழற்றும் டிரைவ் டாண்டன் கம்பெனியுடையது. பிரிண்டர் ஜப்பானிலிருந்து வந்தது. யந்திரத்தை நடத்தும் டாஸ் என்ற புரோகிராமை மைக்ரோஸாஃப்ட் கொடுத்தது. கல்யாணச் சமையலுக்கு ஊரெல்லாம் பாத்திரம் வாங்குவதைப் போல வாங்கி, 1,565 டாலர் ஆரம்ப விலையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது காட்டுத்தீ போல விற்றது.

அப்படியானால் அதில் ஐ.பி.எம்.முக்கே சொந்தமானது என்று எதைச் சொல்வது? பேரும் பெட்டியும் போக, முக்கியமாக ஒன்றே ஒன்று. பயாஸ் என்று அதற்குப் பெயர். ஒரு சின்னச் சிப்புக்குள் எழுதி வைத்த புரோகிராம். அளவு 8 கிலோபைட்டு. ஏறக்குறைய எட்டாயிரம் ஆங்கில எழுத்துகளுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுகதையின் நாலைந்து பக்கம். ஒரு ராஜ்யத்தின் கதவுக்கு அவ்வளவுதான் பூட்டு.

பயாஸ் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பழைய மாளிகையை நினைத்துக்கொள்ளலாம். விருந்தாளி தம் அறையில் உட்கார்ந்தபடி மணியை அடிக்கிறார். ஒரு மணிக்குச் சமையற்காரர் வருவார், மற்றொன்றுக்குத் தோட்டக்காரர், இன்னொன்றுக்கு வண்டிக்காரர். விருந்தாளிக்கு அவர்களுடைய பெயரோ ஊரோ தெரியாது; எந்த மணிக்கு யார் வருவார் என்பது மட்டும் தெரியும். ஐ.பி.எம். யந்திரத்திலும் இதே ஏற்பாடு. கம்ப்யூட்டர்க்காரர்களின் எண் கணக்கில் 10 என்ற மணியை அடித்தால் திரையில் எழுத்து விழும். 13 அடித்தால் தட்டில் எழுதலாம், படிக்கலாம். 16 அடித்தால் விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்ற சேதி வரும். புரோகிராம்கள்தாம் விருந்தாளிகள். மணி எண் மாறினால் தவித்துப் போய்விடுவார்கள்.

வேறொருவர் இதே போல ஒரு மாளிகை கட்ட விரும்பினால்? சுவருக்கும் கதவுக்கும் வேண்டியதையெல்லாம் ஐ.பி.எம். வாங்கிய கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். மைக்ரோஸாஃப்டும் டாஸை யாருக்கு வேண்டுமானாலும் விற்கத் தயார். ஐ.பி.எம்.முடன் ஒப்பந்தம் செய்தபோதே அந்த உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட கெட்டிக்காரக் கம்பெனி அது. குறுக்கே நின்றது அந்த நாலைந்து பக்கம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பக்கங்களை ஐ.பி.எம்.மே அச்சிட்டு விற்றது. யந்திரத்தின் தொழில்நுட்பக் கையேட்டில் பயாஸ் வரிவரியாக இருந்தது. காசு கொடுத்தால் யாரும் வாங்கிப் படிக்கலாம். தன் யந்திரத்துக்கு வெளியார் பலரும் உபகரணங்களும் புரோகிராம்களும் செய்ய வேண்டும் என்பது நோக்கம். கூடவே, படித்தவன் கை கட்டுண்டு போகும்படி வைத்த பொறி அது என்று சொல்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பலன் அப்படித்தான் முடிந்தது. அச்சில் வந்ததற்குப் பதிப்புரிமை உண்டு. படித்தவன் எழுதினால், "பார்த்து எழுதினாய்" என்று பிடித்துக்கொள்ளலாம்.

சிலர் கவலையே படவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஃபிராங்க்லின் என்ற கம்பெனி ஆப்பிளின் யந்திரத்தைப் பார்த்து ஒன்று செய்தது. உள்ளே இருந்த புரோகிராம்களையும் பெயர்த்து வைத்துக்கொண்டது. சிப்புக்குள் இருக்கும் புரோகிராமுக்குப் பதிப்புரிமை உண்டா என்பது அப்போது தீராத சந்தேகம். 1982-ல் கீழ்க்கோர்ட்டு நீதிபதியே சந்தேகப்பட்டு, ஆப்பிள் கேட்ட தடையுத்தரவைக் கொடுக்க மறுத்துவிட்டார். 1983 ஆகஸ்டில் மேல்கோர்ட்டு அதை மாற்றி, பதிப்புரிமை உண்டு என்று சொல்லிற்று. ஃபிராங்க்லின் தந்த புரோகிராமுக்குள்ளே ஆப்பிள் கம்பெனியின் புரோகிராமர் ஒருவருடைய பெயர் அப்படியே இருந்தது! இன்னொரு வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அடுக்கி, அடியில் வெட்டியிருந்த உடையவர் பெயரை அழிக்க மறந்த கதைதான். ஃபிராங்க்லின் சொன்ன சமாதானம், ஆப்பிளுக்கு எழுதிய புரோகிராம்கள் ஓட வேண்டுமானால் வேறு வழி இல்லை என்பது. அது உன் வியாபாரக் கவலை என்று நீதிபதிகள் ஒதுக்கிவிட்டார்கள். 1984-ல் ஐ.பி.எம்.மும் ஈகிள், கரோனா என்ற இரு கம்பெனிகள்மேல் பயாஸைக் காப்பி அடித்ததாக வழக்குப் போட்டது. இருவரும் நின்று வாதாடவில்லை. சமாதானமாகப் போய், வேறு பயாஸ் எழுதிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

இவர்களைப் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. யோசிக்க வைப்பவர்கள் மற்றவர்கள்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துவந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ என்ற மூவரும் 1982-ல் வேலையை விட்டுவிட்டுக் காம்பாக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஹூஸ்டன் நகரத்துப் பலகாரக் கடை ஒன்றில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் போடும் தாளில் தங்கள் யந்திரத்தின் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள் என்பது பிரசித்தமான செய்தி. கைப்பிடி வைத்த பெட்டிபோல் ஒரு கம்ப்யூட்டர், தூக்கிக்கொண்டு போகலாம். 28 பவுண்டு எடை, நம் கணக்கில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்! ஆனால் அவர்கள் வைத்த பந்தயம் எடையில் இல்லை. ஐ.பி.எம். யந்திரத்தில் ஓடும் புரோகிராம் எதுவானாலும் திருத்தம் இல்லாமல் இதிலும் ஓட வேண்டும் என்று வைத்தார்கள். அதற்கு முன்னரே, 1982 ஜூனில், கொலம்பியா டேட்டா ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனி அப்படி ஒன்றைச் செய்திருந்தது. அது சில வருஷங்களிலேயே சறுக்கி விழுந்தது. நிலைத்த பெயர் காம்பாக்கினுடையதுதான்.

பயாஸுக்கு அவர்கள் செய்த வழி இதுதான். புரோகிராமர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஐ.பி.எம். கையேட்டைப் படிக்கும், யந்திரத்தைச் சோதிக்கும். எந்த மணியை அடித்தால் என்ன நடக்க வேண்டும், என்ன பதில் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் எழுதி வைக்கும். எப்படி நடக்கிறது என்று எழுதக்கூடாது. இன்னொரு பிரிவில் ஐ.பி.எம்.மின் வரிகளைக் கண்ணாலும் பாராதவர்களாகத் தேடி எடுத்தார்கள். முதற்பிரிவு எழுதிய குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இவர்கள் புதிதாகப் பயாஸை எழுத வேண்டும். பார்த்தவன் எழுதக்கூடாது, எழுதுகிறவன் பார்க்கக்கூடாது. நடுவில் வக்கீல்கள். பதினைந்து புரோகிராமர்கள், பல மாதங்கள், பத்து லட்சம் டாலர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாலைந்து பக்கத்துக்கு!

பின்னர் 1984-ல் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் ஒரு பயாஸை எழுதி, கேட்பவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கிற்று. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இன்டெல் சிப்பில் முன் பழக்கமே இல்லாத ஒரு புரோகிராமரைத் தேடிப் பிடித்து எழுதச் சொன்னார்கள் என்கிறார்கள். வழக்கு வந்தால் கொடுக்க இன்ஷூரன்ஸும் எடுத்து வைத்தார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மடியாக இருக்கும் பாட்டி நினைவுக்கு வந்தாள். கொடியில் உலரும் மடிப் புடவையைக் கையால் தொடமாட்டாள், கோலால் எடுப்பாள். தொட்டவள் வேறு, தொடாதவள் வேறு. ஒருவன் பார்த்துவிட்டு வந்து காதில் சொல்கிறான்; இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எழுதுகிறான். முடிவில் அதே வேலையைச் செய்யும் அதே பொருள்தான் வருகிறது. இதனால் பாவம் கழிந்துவிடுமா? அதிலும், இந்த ஆசாரத்தை அவர்கள் மனச்சாட்சி உறுத்தியதால் கடைப்பிடிக்கவில்லை, ஐ.பி.எம்.மின் வக்கீல்களுக்குப் பயந்து கடைப்பிடித்தார்கள். பயத்தால் வந்த ஒழுக்கத்தை ஒழுக்கம் என்று சொல்லலாமா?

யோசிக்க யோசிக்க என் சிரிப்பு அடங்கிற்று. பயத்தால் கட்டிய சுவர்தான். ஆனால் அந்தச் சுவர் ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. சாதாரணமாக எந்த ஒரு பொருளிலும் இரண்டு அம்சங்கள் பின்னிக் கிடக்கின்றன. அது என்ன செய்கிறது என்பது ஒன்று. செய்தவர் அதை எப்படிச் செய்தார் என்பது மற்றொன்று. பார்க்கிற கண்ணுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அந்தச் சுவர் பிரித்துவிட்டது. சுவரைத் தாண்டிப் போனது முதல் அம்சம் மட்டுமே. இரண்டாவதை மறுபுறத்தில் இருந்தவர்கள் தங்கள் மூளையை உருக்கித்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. மாளிகைக் கதையில் சொல்வதானால், மணிகளின் எண்ணை மட்டும் கேட்டு வந்தார்கள். சமையற்காரரைத் தூக்கி வரவில்லை. சொந்தச் சமையற்காரருக்குச் சமைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஃபிராங்க்லின் செய்தது தூக்கி வந்த வேலை.

"சரி, கதைக்கும் இதே நியாயமா?" என்று வாசகர் என்னை மடக்கலாம். என் நாவலைப் படித்த ஒருவர் அதன் சம்பவங்களை வரிசையாக நண்பருக்குச் சொல்கிறார். என் நாவலைப் பாராத அந்த நண்பர் தம் சொந்த நடையில் அதை எழுதி அச்சிட்டுவிடுகிறார். எனக்குக் கோபம் வருமா? வரும். மறைப்பானேன்? நம் மொழியில் நாவல் தவழ்ந்த நாட்களில் ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தமிழுக்குத் தழுவித் தந்தார். நம் பாட்டனார்கள் விளக்கை எரிய வைத்துப் படித்தார்கள். ரெயினால்ட்ஸ் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று என்னால் உறுதி கூற முடியாது.

ஆனால் கதைக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வழக்கே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. என் கதையைப் போலவே இன்னொரு கதை இருக்க வேண்டும் என்ற அவசியம் உலகத்தில் யாருக்கும் இல்லை. கம்ப்யூட்டரில் அந்த அவசியம் ஒருவருக்கு இருந்தது. அவர் ஐ.பி.எம்.மும் அல்ல, காம்பாக்கும் அல்ல, மூன்றாவது மனிதர். 1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராம் விற்பனைக்கு வந்தது. ஒரு சிறு கம்பெனியின் கணக்கர் நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார். இரவில் கண் விழித்து அதன் கட்டளைகளைப் பழகியிருக்கிறார். கம்பெனிக் கணக்கையெல்லாம் அதில் ஏற்றிவிட்டார். அடுத்த யந்திரம் வாங்கும்போது அந்தப் படிப்பையும் உழைப்பையும் தூக்கி எறிய வேண்டுமா, அல்லது கேட்ட விலையைக் கொடுத்து அதே கம்பெனியிடம் வாங்க வேண்டுமா? மணிகளின் எண்ணை நிர்ணயித்தது ஐ.பி.எம்.தான். ஆனால் பத்தாயிரம் விருந்தாளிகள் அந்த எண்ணை மனப்பாடம் செய்த பிறகு, அது ஐ.பி.எம்.மின் தனிச் சொத்தாக இருக்கிறதா? ஒரு சொல்லை யாரோ ஒருவர்தான் முதலில் உண்டாக்கியிருப்பார். ஊரார் அதைப் பேசப் பழகிய பிறகு அவர் வந்து ஒவ்வொரு வாயையும் பொத்த முடியுமா?

அந்தக் காலத்தில் ஒரு யந்திரம் உண்மையிலேயே ஐ.பி.எம்.முக்கு ஒத்ததுதானா என்று பார்க்க, லோட்டஸையும் ஃபிளைட் ஸிமுலேட்டர் என்ற விமான விளையாட்டையும் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த விருந்தாளிகள் பொல்லாதவர்கள். மணியை அடித்துக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நேரே சமையற்கட்டுக்குள் புகுந்து தாங்களே எடுத்துக்கொள்வார்கள். ஆகையால் ஐ.பி.எம். சமையற்கட்டில் உப்பு ஜாடி எந்தப் பிறையில் இருந்ததோ அதே பிறையில் இருக்க வேண்டும். ஐ.பி.எம். அவசரத்தில் விட்ட கோணலைக்கூட நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் எங்கோ ஒரு புரோகிராம் நின்றுவிடும். மூன்றாவது மனிதருடைய தேவை இவ்வளவு கறாரானது.

1983-ல், தன் முதல் விற்பனை வருஷத்திலேயே, காம்பாக் 53,000 யந்திரங்களை விற்று, 11 கோடியே 10 லட்சம் டாலர் வியாபாரம் செய்தது. ஃபீனிக்ஸின் பயாஸ் வந்த பிறகு யார் வேண்டுமானாலும் கடை போடலாம் என்றாயிற்று. விலை சரிந்தது. எஸ்ட்ரிட்ஜ் இதன் முடிவைப் பார்க்கவில்லை. 1985 ஆகஸ்டில் டல்லஸ் நகரத்தில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். 1986 செப்டம்பரில், இன்டெலின் புதிய 386 சிப்பை வைத்து ஐ.பி.எம்.முக்கு முன்னால் காம்பாக் யந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டது. நகல் என்று இகழப்பட்டது முன்னே போக, அசல் பின்னே வந்தது.

1987 ஏப்ரலில் ஐ.பி.எம். கதவைச் சாத்தப் பார்த்தது. பி.எஸ்/2 என்ற புதிய வரிசையில் உள் அமைப்பையே மாற்றி, அதைச் செய்ய விரும்புகிறவர்கள் கப்பம் கட்ட வேண்டும், பழைய யந்திரங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றது. 1988-ல் காம்பாக் உள்ளிட்ட ஒன்பது கம்பெனிகள் ஒன்றுகூடி, "உங்கள் புது வழி உங்களுக்கு, நாங்கள் பழைய வழியையே அகலப்படுத்திக்கொள்கிறோம்" என்று தனியாக ஒரு முறையை அறிவித்தன. ஜனங்களும் அந்தப் பக்கமே நின்றார்கள். 2005-ல் ஐ.பி.எம். தன் பெர்ஸனல் கம்ப்யூட்டர் தொழிலையே லெனோவோ என்ற சீனக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. காம்பாக் மட்டும் சிரஞ்சீவியாக இருந்ததா? இல்லை. தான் திறந்த கதவு வழியாகத் தன்னைவிட மலிவாகச் செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே வந்தார்கள். 1991-ல் நஷ்டம் கண்டபோது கேனியனையே வெளியே அனுப்பினார்கள். 2002-ல் அந்தக் கம்பெனி ஹியூலெட்-பேக்கார்டோடு கலந்து மறைந்தது.

ஆக, திருட்டு இல்லை என்று என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். ஆனால் இத்தோடு கணக்கு முடிந்துவிட்டதாக என் மனம் ஒப்பவில்லை. திருடாமலே ஒருவருக்குக் கடன்பட முடியும். கோர்ட்டுக்கு முதல் கேள்வி மட்டுமே தெரியும். இரண்டாவது அதன் எல்லைக்குள் வருவதில்லை. அந்தக் கடனைப் பார்க்க வேண்டுமானால் ஐ.பி.எம்.மையும் தாண்டிப் பின்னே போக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் கடற்படைப் பட்டதாரிகள் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் காரி கில்டால். 1974-ல், சின்னக் கம்ப்யூட்டரையும் அதன் தட்டையும் ஆளுவதற்கு அவர் ஸி.பி/எம். என்ற புரோகிராமை எழுதினார். அதில் ஒரு யோசனை. யந்திரத்துக்கு யந்திரம் மாறுகின்ற சிறு பகுதியைத் தனியே பிரித்து வைத்துவிட்டால், மிச்சமுள்ள பெரும்பகுதியைத் தொடாமலே எந்த யந்திரத்திலும் ஓட்டலாமே! அப்படிப் பிரித்து வைத்தார். பல கம்பெனிகளின் யந்திரங்களில் ஸி.பி/எம். ஓடிற்று.

1980-ல் ஐ.பி.எம். ஆட்கள் தங்கள் ரகசிய யந்திரத்துக்காக பஸிஃபிக் குரோவ் என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டு ஆபீஸைத் தேடிப் போனார்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் மனைவி தயங்கினார். ஒப்பந்தம் கூடிவரவில்லை. கில்டால் அன்று விமானம் ஓட்டப் போய்விட்டார், அதனால் அதிர்ஷ்டம் கை நழுவிற்று என்று சுவையாகச் சொல்லும் கதையை நான் ரசிப்பதில்லை. ஒரு மனிதருடைய வாழ்க்கையை ஒரு பிற்பகலுக்குள் அடக்கிவிடுகிற கதை அது. ஐ.பி.எம். மைக்ரோஸாஃப்டிடம் திரும்பிப் போயிற்று. மைக்ரோஸாஃப்டிடம் அப்படிப்பட்ட புரோகிராம் இல்லை. ஸியாட்டில் நகரத்தில் ஒரு சிறு கம்பெனியில் டிம் பாட்டர்ஸன் என்ற இளைஞர் எழுதியிருந்த ஒன்றை வாங்கி, 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு முழு உரிமையும் பெற்றது. டாஸ் என்பது அதுதான்.

பாட்டர்ஸன் அதை எப்படி எழுதினார்? கில்டாலின் கையேட்டை வைத்துக்கொண்டு எழுதினார். ஸி.பி/எம்.முக்கு இருக்கும் புரோகிராம்களை எளிதில் மாற்றிக்கொண்டுவர வேண்டும் என்பதற்காக, மணிகளை அதே மாதிரி அமைத்தார். இதை அவர் ஒளிக்கவில்லை. உள் வரிகளைத் தாமே எழுதியதாகச் சொன்னார். 2012-ல் இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்ட நிபுணர் ஒருவரும் காப்பி அடித்த தடயம் இல்லை என்றே கூறினார். அதாவது காம்பாக் ஐ.பி.எம்.முக்குச் செய்ததைப் பாட்டர்ஸன் முன்னரே கில்டாலுக்குச் செய்திருந்தார். என் நியாயப்படி அதுவும் திருட்டு இல்லை. கில்டாலே பழைய டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி யந்திரங்களின் வழக்கங்கள் சிலவற்றைத் தம் புரோகிராமில் கையாண்டவர்தான்.

ஆனால் கில்டாலுக்கு அது திருட்டாகவே பட்டது. வழக்குப் போடப்போவதாக அவர் சொன்னபோது, ஸி.பி/எம்.மையும் கூடவே வைத்து விற்பதாக ஐ.பி.எம். சமாதானம் செய்தது, செய்தபடி விற்கவும் விற்றது. டாஸுக்கு 40 டாலர், ஸி.பி/எம்.முக்கு 240 டாலர். எதை ஜனங்கள் வாங்கினார்கள் என்று சொல்ல வேண்டுமா? கில்டால் வறுமையில் வாடவில்லை. அவருடைய கம்பெனி பின்னர் நல்ல விலைக்குப் போயிற்று. ஆனால் போன இடமெல்லாம், "பில் கேட்ஸ் ஆகியிருக்க வேண்டியவர்" என்று அறிமுகப்படுத்தப்படுவது ஒரு மனிதரை உள்ளே அரித்துவிடும். 1994-ல் தம் 52-வது வயதில் இறந்தார்.

2021-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு இதே விவகாரத்தை வேறு உருவத்தில் கேட்டது. ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியின் அழைப்பு வரிகளில் சுமார் 11,500-ஐக் கூகிள் கம்பெனி அப்படியே எடுத்துத் தன் ஆண்ட்ராய்டில் வைத்துக்கொண்டது என்று ஆரக்கிள் கம்பெனி வழக்காடியது. பழகிப்போன புரோகிராமர்களுக்காக அந்த அளவு எடுத்துக்கொண்டது நியாயமான உபயோகமே என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள்; இருவர் இல்லை என்றார்கள். மூன்றாவது மனிதருக்குக் கோர்ட்டிலும் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டு நீதிபதிகளின் தயக்கத்தையும் நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். கில்டாலின் முகம் தெரிகிறது.

அவர் தனியே பிரித்து வைத்தார் என்று சொன்னேனே, யந்திரத்துக்கு யந்திரம் மாறும் அந்தச் சிறு பகுதி, அதற்கு அவர் ஒரு பெயரும் வைத்திருந்தார். பயாஸ் என்பதே அந்தப் பெயர். ஐ.பி.எம். தன் சிப்புக்குச் சூட்டியதும், ஈகிள்மேலும் கரோனாமேலும் வழக்குப் போட்டபோது மனுவில் எழுதியதும், காம்பாக்கின் இரண்டு பிரிவினரும் சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்து உச்சரித்ததும் அவருடைய சொல்தான். அதற்கு யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 2014-ல் பஸிஃபிக் குரோவில் அவருடைய பழைய ஆபீஸ் வாசலில் ஒரு பலகை பதித்தார்கள். இன்றைய யந்திரங்களில் பயாஸின் இடத்தை வேறொரு புதிய ஏற்பாடு பிடித்துக்கொண்டுவிட்டது. ஆயினும் யந்திரம் முரண்டு பிடித்து, பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிப் போனால், மேஜைக்குப் பின்னால் இருக்கும் பையன் பழக்க தோஷத்தில், "பயாஸுக்குள்ளே போய்ப் பார்க்கணும் சார், வைத்துவிட்டுப் போங்கள்" என்றுதான் சொல்கிறான்.